சின்னம்மா மகள் கல்யாண அட்டை எந்த லாச்சியில்?

அச்சகத்தில் அட்டை அடிக்கிறவருக்கு ஒரு நாள் பாடு. அடித்ததைப் பத்திரப்படுத்தி, கேட்டபோது எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தினம் பாடு. கோப்புகளோடு மல்லுக்கட்டிய என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தமிழ் அச்சகத்தில் சேர்ந்தேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை அடித்த கல்யாண அட்டை, கருமாதி அட்டை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வருகிறவர்கள் பழசைச் சொல்லி 'அதே மாதிரி' என்று கேட்பார்கள். "அடுக்கிறதுக்கு ஒரு நல்ல முறையா நீரே தெரிவு செய்யும் பிள்ளை. மூண்டு மாதம் பாப்பம். சரிவந்தா வேலை நிரந்தரம்" என்றார். சரிவராவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான். வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான்.

பெயர் முறை

மாப்பிள்ளை பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கினேன். இரண்டு வாரம் தும்மித் தும்மி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. மறுநாள் லகாட்டிலிருந்து ஓர் அம்மா வந்து, போன வருசம் அடித்த அட்டை மாதிரி வேண்டும் என்றார். மாப்பிள்ளை பெயர் கேட்டேன். தெரியாது. பெண் பெயர்? வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்களாம். நான் முழிப்பதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"பேரு எதுக்குக்கா? எங்க சின்னம்மா மக கல்யாணத்துக்கு அடிச்சதுலா, அதை எடுங்க."

தோட்ட முறை

சரி, ஆளை விட்டு ஊரைப் பிடிப்போம் என்று, ஒவ்வொரு ரப்பர் தோட்டத்துக்கும் ஒரு லாச்சி, அதாவது அலமாரியில் ஓர் இழுப்பறை, ஒதுக்கினேன். லாச்சியைத் திறந்தால் அந்தத் தோட்டத்து அட்டை எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு சனம் எங்கே ஒரே இடத்தில் இருந்தது? சிலிபினிலிருந்து ஒரு லாரி டிரைவர் அட்டை அடிக்க வந்தார். "எந்தத் தோட்டம்ணே?" என்று கேட்டேன். அவர் நெற்றியைச் சொறிந்தார்.

"பொறந்தது கோலா கங்சார் பக்கம், கட்டுனது லகாட்ல, இப்ப வீடு சிலிபின். நீங்களே பாத்து ஒண்ணுல போட்டுக்குங்க அக்கா."

பட முறை

பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், அட்டையில் உள்ள படத்தை வைத்து அடுக்கலாம் என்று அச்சு கோர்க்கும் ராஜு அண்ணன் யோசனை சொன்னார். பிள்ளையார் ஒரு லாச்சி, முருகன் ஒரு லாச்சி, குத்துவிளக்கு ஒரு லாச்சி. இதில் நான் மாட்டிக்கொண்ட இடம் குத்துவிளக்கு. பெண்ணைப் பெற்ற ஒருவர் விளக்குப் படம் கேட்க, லாச்சியில் கைவிட்டு மேலாக இருந்ததை எடுத்து நீட்டினேன். அது கருமாதி அட்டை. கருமாதிக்கும் விளக்குதானே போடுகிறோம். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனுசன் அட்டையை மேசையில் மெதுவாக வைத்தார்.

"அக்கா, எங்க மக கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள காரியம் பண்ணிடாதீங்க."

மெஷின் முறை

மூன்றாம் மாதம் முடிய நாலு நாள் இருக்கையில், கோலாலம்பூரிலிருந்து ஒரு சீனர் கம்ப்யூட்டரோடு வந்தார். எதைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லும் என்றார். ஒத்திகைக்காக ஐம்பது அட்டைகளின் விவரத்தை ஏற்றியிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, மச்சினிச்சி கல்யாண அட்டை வேண்டும் என்றார். சீனர் மலாயில் பெயர் கேட்டார், தேதி கேட்டார், எண் கேட்டார். வந்தவர் மூன்றுக்கும் 'மச்சினிச்சி' என்றே சொன்னார். திரை பச்சையாக மினுக்கிக்கொண்டு நின்றது. மூன்று மாதமாக எல்லாருடைய சொந்தபந்தக் கதையும் கேட்டுப் பழகிய நான் பொறுக்காமல், "மச்சினிச்சி மாப்பிள்ளை பஸ் ஓட்டுறவரா? அவங்க அக்கா பாப்பான் ஊர்ல ஸ்கூல் பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டு, அவர் தலையாட்டியதும், இன்னும் லகாட் என்று எழுதியிருந்த பழைய லாச்சியிலிருந்து ரோஸ் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது எப்படி அங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். மெஷின் வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். போச்சு, நம்ம கதை முடிந்தது என்று பையைத் தேடினேன்.

"எங்க போறீர் பிள்ளை? ஆர் ஆருக்குச் சொந்தமெண்டு அந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுக்க ஓராள் வேணுமே. நீர் நிரந்தரமா இரும்."

எந்த முறை சரி என்று கடைசிவரை கண்டுபிடிக்காததால்தான், அன்பர்களே, எனக்கு வேலை நிலைத்தது.