நல்ல நாயின் ரத்தம்

ஜெயம்மாள் வாயாடி. திருத்தணி மலையடிவாரத்தில், மொட்டை போடுகிற இடத்தில் தண்ணீர் சுமப்பவள். புருஷன் கோதண்டம் பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போயிருந்தான். தனியாக இருக்கிறாளே என்று யாராவது வாலாட்டினால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அப்படிப்பட்டவள் அந்த ஆடி மாதத்தில் தன் வீட்டு நாயைக் கண்டு நடுங்கினாள்.

செவலை என்ற அந்த நாய், ஐந்து வயது மகள் அம்முவின் கையைக் கடித்துவிட்டது. ஜெயம்மாள் காயத்தில் மஞ்சளை அப்பித் துணி சுற்றினாள். அடுப்பு சுட்டது என்று தெருவில் சொன்னாள். முந்தைய வருஷம் நாய் கடித்த பையன் ஒருவன் தண்ணீரைக் கண்டு அலறி அலறிச் செத்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னால் தன் பிள்ளைக்கும் அதுவே நடந்துவிடும் என்று பயம். பயத்துக்கு ஏது புத்தி?

அந்த வாரம்தான் தண்டோரா போட்டார்கள். சென்னையிலிருந்து பஞ்சாட்சரம் என்ற கால்நடை டாக்டர் வந்து சாவடியில் தங்கியிருந்தார். புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் நாயின் கணக்காம். நம் ஊர் நாய்க்கு நோய் என்று சொல்ல, நோயில்லாத நாயின் ரத்தத்தில் எத்தனை அணு இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமாம். நல்ல நாயாகக் கொண்டுவரச் சொன்னார்கள். ஊரே சிரித்தது. ஜெயம்மாள் சிரிக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து நல்ல நாய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அம்மு பிழைத்துக்கொள்வாள் என்று நம்பி, நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் வெறும் விரலால் செவலையின் ஈறைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். நாய் மிரண்டால் அணுக்கள் ஏறிக் கணக்கு கெட்டுவிடும், மடியில் தலையை வைத்துத் தடவிக் கொடு என்றார். கடித்த வாய் அவள் மடிக்கு வந்தது. அவள் கை நடுங்கியது. அதைக் கண்டு நாயும் நடுங்கியது. டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

“உன் நாய்தானேம்மா? அதைப் பார்த்து ஏன் இப்படி நடுங்கறே?”

“ரத்தத்தப் பாத்து வெறி இல்லன்னு மட்டும் சொல்லுங்கய்யா. எங் கொழந்தைய கட்ச்சிட்சி.”

டாக்டர் தன் விரலைப் பார்த்தார். சோப்புப் போட்டு வெகுநேரம் கை கழுவினார்.

“வெறி இந்தக் கணக்குல தெரியாதும்மா” என்றார்.

குழந்தைக்கு இன்றைக்கே ஊசி போட வேண்டும் என்றார் அவர். நாயைக் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கடித்துப் பத்து நாள் வரை அது நன்றாக இருந்தால் பயமில்லை. அடித்துக் கொன்றுவிட்டால் எதுவும் தெரியாது.

செய்தி அவளுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. தடியோடு வந்தவர்களை வாசலில் மறித்து நின்றாள்.

“இது உசுரோட கீற வரைக்கும்தான் எம் பொண்ணுக்கு உசுரு. எவன் தொடறான், பாக்கறேன்.”

தினம் காலையில் அம்முவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வயிற்றில் ஊசி போட்டு வருவாள். குழந்தையின் அலறல் நாள் முழுக்கக் காதில் இருக்கும். மாலையில் எட்ட நின்று, கழியால் தண்ணீர்ச் சட்டியை நாயிடம் தள்ளுவாள். அது நக்கிக் குடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஒரு மாலை செவலை சட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கழி கையிலிருந்து விழுந்தது.

“நான் இப்பத்தான் ஊத்தினேம்மா. அல்லாத்தையும் குட்ச்சிட்சி” என்றாள் பின்னாலிருந்து அம்மு.

முதலில் ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

பத்து நாள் கெடு முடிந்த அன்று, நல்ல நாயின் ரத்தம் எடுக்க டாக்டர் வீட்டுக்கே வந்தார். ஜெயம்மாள் செவலையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவள் அழுதுகொண்டே இருந்தாள், நாய் அவள் முகத்தை நக்குவதை விடவில்லை.