மீதிப் பாதி வேலைக்கு ஆள்

எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு இரண்டு காற்று. கிழக்கே கடல், உப்போடு வரும். மேற்கே மணலி ஆலைகள், அந்தக் காற்று எதோடு வரும் என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். இரண்டும் சந்திக்கிற பின்பக்க வராந்தாவில் நான் ஆசையாக வாங்கி நிறுத்திய வாஷிங் மெஷின், மூன்றாவது மழைக்காலத்தில் அடித்தகடெல்லாம் துருவேறி அப்பளமாய் நொறுங்கி ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அதோடு இலவசமாக வந்த குக்கர் மட்டும் இன்னமும் விசிலடிக்கிறது. குக்கருக்காகத்தான் நான் மெஷினையே வாங்கினேன் என்பது என் மனைவியின் கட்சி.

அவள் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். மெஷின் போனபின் கையால் துவைத்துப் பிழிந்ததில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "துணி பிழியறத விட்டுடுங்க. இல்லன்னா தைக்கறதையும் சேர்த்து விட வேண்டி வரும்" என்றார்.

அன்றிலிருந்து துவைப்பது நான். கன்டெய்னர் யார்டில் நாற்பதடிப் பெட்டிகளை வரிசை பார்த்து அடுக்கவைக்கிற எனக்கு, ஒரு பனியனைப் பிழியத் தெரியவில்லை. நான் காயப்போட்டால் கீழ்வீட்டுத் துளசிக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நான் வேலைக்குக் கிளம்பியதும் அவள் கொடியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மறுபடி பிழிகிறாள் என்பதைக் கீழ்வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இனி புது மெஷினைத் தள்ளிப்போட முடியாது.

நான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த மெஷினுக்கு எத்தனை நட்சத்திரம், யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கண் எரியப் படித்தேன். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் ஒருவராவது கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாரா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தைக்கக் கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், குனிந்து, போன் வெளிச்சத்தில் மெஷின்களின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நான் பின்னால் நின்று இளித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, அடியில பொதையலு கீதா?" என்றாள் ஒரு பெண்.

"துரு கீதான்னு பாக்குறேன்டி. ஒன்னுது எத்தினி வருசம்?"

"ரெண்டு. அதுக்குள்ள பேஜாரு பண்ணுது."

பளபள மெஷின்கள் எல்லாமே அடியில் அழுதுகொண்டிருந்தன. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டில் மட்டும் வெளிறிப்போன பிளாஸ்டிக் உடம்போடு ஒரு செமி ஆட்டோமேட்டிக், மூடியை வலைக்கயிற்றால் கட்டிய கோலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துருப்பிடிக்க அதில் வெளித்தகடே இல்லை. "எம் பையன் பால்வாடி போகச்சொல்ல வாங்குனது. இப்ப அவன் காலேஜு" என்றாள் அந்த வீட்டுக்காரி.

கடைக்கு, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனோம். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. விற்பனைப் பையன் முழு ஆட்டோமேட்டிக் பக்கமே எங்களைத் தள்ளிக்கொண்டு போனான்.

"செமின்னா துணிய இந்தத் தொட்டியிலேர்ந்து அந்தத் தொட்டிக்கு நீங்கதான் மாத்திப் போடணும் மேடம். பாதி வேலை உங்களுது."

"அந்தப் பாதிக்கு ஆளு கீது" என்று அவள் என்னைக் காட்டினாள். பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வாரண்டி உண்டா என்று கேட்காதது அவன் பெருந்தன்மை.

காட்சிக்கு நின்ற பிளாஸ்டிக் மெஷினையே அவள் கேட்டாள். ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். உள்ளே ஈரத் துண்டு. வீட்டிலிருந்தே நனைத்து எடுத்து வந்திருக்கிறாள். அதைப் பிழிகிற தொட்டியில் போட்டு, மெஷின் சுற்றி நின்றதும் வெளியே எடுத்தாள். பழக்கத்தில் இரண்டு கையும் முறுக்கப் போயின, பாதியில் நின்றன. துண்டிலிருந்து ஒரு சொட்டுகூட வடியவில்லை. அவளுக்கு அந்த மெஷின் எவ்வளவு வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முகத்தில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை.

"ம்... பரவால்ல" என்றாள், விலை பேச வந்து நின்ற கடை மேனேஜரிடம். "நின்னு நின்னு கலரு மங்கிப்போச்சு. ரேட்ட பாத்துச் சொல்லுங்க. வாரண்டி இன்னிக்கு பில்லு தேதிலேர்ந்து எழுதணும்."

அவர் விலையில் இறங்கத் தொடங்கிய நேரம் பார்த்து, "சூப்பரா சுத்துது சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவுருக்கு எது சுத்துனாலும் சூப்பரு சார். டேபிள் ஃபேனுக்கும் இப்டிதான் வாயப் பொளந்துகினு நிப்பாரு."

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்த மனிதரால் அதற்கப்புறம் கறாராக இருக்க முடியவில்லை. நான் பார்த்துவைத்திருந்த மெஷினின் விலையில் பாதிகூட ஆகவில்லை. சேர்த்துத் தருவதாகச் சொன்ன டிபன் பாக்ஸையும் வேண்டாமென்று, அதற்கும் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டாள். நான் டிபன் பாக்ஸை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது அவள் மணிக்கட்டில் வீக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வராந்தாவில் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தாமலே குரல் வரும்:

"யோவ், சத்தம் நின்னு எவ்ளோ நேரமாச்சு? மாத்திப் போடுயா."