துணிவு என்று எழுதிய அட்டை

அன்றைக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால் வந்து கேட்பார்களோ என்று எனக்கு இப்போதும் பயம். மேடையில் முன்னாள் மந்திரி. அவருக்கு வலப்பக்கம் ஊர் நாட்டாண்மையான என் பெரியப்பா, இடப்பக்கம் எங்கள் டீச்சர். மேடைக்குக் கீழே அட்டை பிடித்துக்கொண்டு நாங்கள் நான்கு பிள்ளைகள். முன்வரிசை நாற்காலியில் மந்திரியின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் அத்தையும். பிறகு ஊர்ச்சனம். எல்லாருக்கும் பின்னால், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு என் அப்பா.

அப்பா வந்தது குடியரசு தினக் கொடியேற்றம் பார்க்க இல்லை. மன்னிப்புக் கேட்க.

எங்கள் ஊருக்கு ஒரே வாய்க்கால். அதன் முதல் மடை மேற்கே, மந்திரி நிலத்துக்குப் பாய்வது, கடைசி மடை எங்களுக்கு. முறை வைத்துத்தான் தண்ணீர். மேலே இருப்பவர்கள் தங்கள் நாள் முடிந்ததும் மடையை அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் கீழே வரும். அந்தத் தை மாதம் எங்கள் தாளடிப் பயிர் பால் பிடிக்கிற நேரம். மேட்டூர் அணையை மூடப்போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்பா வாய்க்கால் கரையோடு நடந்து போய்ப் பார்த்தால், மந்திரி மடை திறந்தே கிடந்தது. மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துவிட்டு வந்தார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் மேனேஜர் ஆளை விட்டு அதை வெட்டிவிட்டார்.

முறை தவறிப் பாய்ச்சினால் எங்கள் ஊரில் தண்டம் உண்டு. ஆனால் அடுத்தவர் மடையில் தானாகக் கை வைத்தாலும் தண்டம்தான். நாட்டாண்மையிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர்தான் அடைக்க ஏற்பாடு செய்வார். இரண்டு தப்புக்கும் ஒரே தொகை, கோயில் பொதுவுக்கு ஐந்நூற்றொரு ரூபாய். கட்டாதவருக்கு அடுத்த முறை தண்ணீர் கிடையாது. மேட்டூர் மூடுவதற்குள் எங்களுக்கு இன்னும் ஒரு முறைதான் இருந்தது. அதுவும் போனால் வயலில் நிற்பதெல்லாம் பதர்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் சாயங்காலம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு அவரே வர்றாரு. கூட்டம் முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லிட்டு தண்டத்தைக் கட்டிடு. அத்தோட விட்டுருவோம்."

"கட்டுறேண்ணே. தொறந்து வச்சவங்களுக்கு என்ன தண்டம்?"

"அது வேற."

"என்ன வேற?"

பெரியப்பா சொம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் பேசினாள்.

"சின்னண்ணன் சட்டம் பேசுது. ராத்திரிக்குச் சோறு வேணாம், சட்டத்தை வடிச்சு வையி அண்ணி."

பெரியப்பாவுக்கு மந்திரி என்றால் நடுக்கம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நடுக்கம் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானே அப்படித்தான். துணிவு என்று எழுதிய அட்டை என் கைக்கு வந்ததுகூட, அதைப் பிடிக்க இருந்த பெண்ணுக்கு அம்மை போட்டிருந்ததால்தான். மற்ற மூன்று பேரிடம் குடிமை, தலைமை, நீதி. "பல்லிக்குப் பயந்துக்கிட்டு கொல்லைப்பக்கம் போவாதவ கையிலதான் குடுத்திருக்காங்களா?" என்று அத்தை அதற்கும் சிரித்தாள்.

மந்திரி நன்றாகப் பேசினார். அதில் பொய் சொல்லக்கூடாது. கையில் குறிப்புச் சீட்டு ஒன்றும் இல்லை, வீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினார். எங்கள் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிச் சொன்னார். ஓட்டுப் போடுவதோடு குடிமை முடிந்துவிடாது, பக்கத்து வயல் காய்ந்தால் எவனுக்குத் தூக்கம் வரவில்லையோ அவன்தான் குடிமகன். கடைசிப் பந்தியில் உட்காருகிறவன்தான் தலைவன். நீதி என்றால் பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் ஒரே மரக்கால். துணிவு என்றால் கத்தி எடுப்பது இல்லை, தப்புச் செய்தவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தப்பு என்று சொல்வது.

எனக்குத் தலை சுற்றியது. இவர் அப்பாவைப் பற்றி அல்லவா பேசுகிறார். அப்படியென்றால் அப்பா ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஒருவேளை இவருக்கு எல்லாம் தெரிந்துபோய், அப்பாவைப் பாராட்டத்தான் வந்திருக்கிறாரோ?

அவர் மைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். நேராக என்னிடம்.

"துணிவைப் பிடிச்சிருக்கியே, சொல்லு பாப்போம். உங்க ஊர்ல துணிவான ஆளு யாரும்மா?"

"எங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"அப்படி என்ன பண்ணாரு உங்கப்பா?"

"உங்க மடையை அடைச்சாரு."

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. புளியமரத்தில் கட்டியிருந்த குழாயில் என் குரல் பக்கத்து ஊர் வரைக்கும் போயிருக்கும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். மேனேஜர் எழுந்து மந்திரியின் காதில் ஏதோ சொன்னார். மந்திரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் மெட்ராஸ்ல இருக்கேன். இங்க மடை தொறந்து கெடந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. அந்தத் தோழர் செஞ்சதுல தப்பே இல்லை. அவருக்கு உண்டான தண்டத்தை நானே கட்டிடுறேன்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினேன். எல்லாம் சரியாகிவிட்டது, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்பா சைக்கிள்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வேணாங்கய்யா. நாட்டாண்மைகிட்ட சொல்லாம மடையில கை வச்சது என் தப்பு. என் தண்டத்தை நான் கட்டிக்கிறேன். உங்க தண்டத்தை நீங்க கட்டுங்க."

சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தார். தயாராகவே வைத்திருந்திருக்கிறார். கைதட்டல் எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

மந்திரிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம். அப்பாவின் தோளில் கை வைத்து, "நியாயம்தான். அனுப்பி வைக்கிறேன்," என்றார். என் கன்னத்தைத் தட்டினார். காரில் ஏறினார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அப்படியே தோன்றுகிறது. தெரியாமல் நடந்த தப்புக்கு ஒருவர் தண்டம் கட்டத்தான் வேண்டுமா என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டேன், மேலே படித்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா முன்னால் நடந்துகொண்டே பேசினாள். "அவரே கட்டுறேன்னாருல்ல. சரின்னுட்டு வந்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?" அப்பா பின்னால் வந்துகொண்டிருந்தார். மந்திரியைப் பகைத்துக்கொண்டோம், இனி தண்ணீர் வராது என்றே நான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் முறை வந்த அன்று பெரியப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே போவதைப் பார்த்தேன். அவருடைய வயல் கிழக்கே. வயதாகிவிட்டது, வழி மாறிப் போகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் எங்கள் வயலில் தண்ணீர் ஏறியது. முழு விளைச்சல் இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்கு நெல் வந்தது.

பங்குனித் திருவிழாவில் கோயில் பொது வரவு செலவை நாட்டாண்மை மைக்கில் வாசிப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருசம் பாக்கிகளை வாசிக்கும்போது, பெரியப்பா மந்திரி பேரையும் வாசித்தார். அடுத்த வருசமும் வாசித்தார். அடுத்த தேர்தலில் அந்த முன்னாள் மந்திரி ஜெயித்து மறுபடியும் மந்திரியானார். மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அப்போதும் வாசித்தார். எங்களுக்கு வரும் என்று சொன்ன தார் ரோடு பக்கத்து ஊருக்குப் போனது. "ஐநூறு ரூவாய்க்கு ரோட்டை வித்த ஆளு," என்று அத்தையே அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். பெரியப்பா அதற்கும் சொம்பைத்தான் எடுத்தார். பாவம், பழைய பாக்கியை நீக்க மறந்துவிட்டார், யாராவது ஞாபகப்படுத்தினால் தேவலை என்று நான் நினைத்தேன்.

இப்போது மந்திரியும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. அப்பாதான் நாட்டாண்மை, அவர்தான் வாசிக்கிறார். செத்தவர் பேரைச் சொல்வது பாவமில்லையா, அவர் பிள்ளைகள் காதில் விழுந்தால் வம்பில்லையா என்று ஒவ்வொரு வருசமும் நான் வாழ்க்கைப்பட்ட ஒரத்தநாட்டிலிருந்து பஸ் ஏறும்போதே எனக்குப் படபடப்பு ஆரம்பித்துவிடும். இந்தப் பங்குனியிலும் கூட்டத்தோடு நின்று கேட்டேன். முதல் மடை, முறை தவறிய தண்ணீர், மந்திரி ஐயா, பாக்கி ஐந்நூற்றொரு ரூபாய்.