லோரெட்டாவின் முப்பது விநாடி

சார்ஜென்ட் கிளிண்ட் தீயணைப்பு உருளையால் முதலில் அடித்தது லோரெட்டாவின் வாயில். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டரை. மூன்று பல் போயிற்று, தாடை பிளந்தது. தரையில் கிடந்தபடியே அவள் சிரித்தாள் பாருங்கள், பாதகத்தி! அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டச் சிறையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட ஒரே ஆள் லோரெட்டா ஹ்ருஸ்கா. ஐம்பத்தாறு வயது. கையோங்கிய இரண்டாம் கணவனின் விரல்களைக் கார் கதவில் வைத்து நசுக்கியவள். கைதிகளை அடித்துவிட்டு, கேமராப் படம் சேரும் பெட்டியை எங்கள் காவலர்கள் இரண்டு முறை உடைத்திருந்தார்கள். தண்ணீர் கொட்டிவிட்டது என்று சாதித்தார்கள். அதனால் மூன்றாவது பெட்டியில் அவள் படம் பதியும் டிஸ்க்கே வைக்கவில்லை. டிஸ்க் இருந்தது தெருவுக்கு எதிரே, நீதிமன்றத்தின் நிலவறையில். பெட்டியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் அடிவேரில், டிரைவர் என்கிற ஒரு துண்டு நிரலோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, கேபிளுக்கு அந்தப்பக்கம் இருக்கும் டிஸ்க் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாக அதை நம்பவைத்தாள். இது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் மெர்ல். சிறையின் கேமராத் திரைகளைப் பார்ப்பது என் வேலை. படத்தின் ஒவ்வொரு துண்டும் எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகே அடுத்தது போகவேண்டும் என்று அவள் வைத்திருந்ததால், படம் விக்கி விக்கி ஓடியது.

"ஏ லோரெட்டா, இது கேமராவா, துருப்பிடிச்ச டிராக்டரா? கண்ணு அவிஞ்சு போவுது. சரிபண்ணித் தொலையேன்."

"வேகமா ஓடணும்னா கொஞ்சத்தைப் பெட்டியோட மெமரியில தேக்கி வெச்சுத்தான் அனுப்பணும். பெட்டி செத்தா தேங்குனது போச்சு."

"எவ்ளோ போவும்?"

"முப்பது விநாடி."

"முப்பது விநாடியில எவன் குடி முழுகிடப் போவுது?"

ஒரு வாரம் நச்சரித்தேன். திங்கட்கிழமை மாற்றிக்கொடுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம், ஓரின் டீக் என்ற குடிகாரன் கைவிலங்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கிளிண்டின் மனைவி ஓடிப்போனதைச் சொல்லிச் சிரித்தான். கிளிண்ட் அவன் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். மூன்றாவது மோதலில் சுவர் சிவந்தது. விழுந்தவனின் கழுத்தில் பூட்ஸால் மிதித்தான். ஓரினின் கால்கள் உதறி நின்றதைத் திரையில் பார்த்தேன். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்துக் கதவுதான் கம்ப்யூட்டர் அறை. சத்தம் கேட்டு வெளியே வந்த லோரெட்டாவை உள்ளே தள்ளி, சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கினான். பெட்டி நொறுங்கும்வரை எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து விநாடி இருக்கும்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கிளிண்ட் ரத்தக் கையோடு வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"என்னடா பாத்த?"

"ஒண்ணுமில்ல சார்ஜென்ட். காப்பி குடிக்கப் போயிருந்தேன்."

அதையே அறிக்கையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம்தான் எதிர்ப்புறம் பத்திரமாக இருக்கிறதே, நான் ஏன் உதை வாங்கவேண்டும்? தூ, நானும் ஒரு மனிதன்!

லோரெட்டா எழுதிக் காட்டியதை வைத்து, வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி நிலவறை டிஸ்க்கிலிருந்து படத்தை ஓட்டினார். ஓரின் உட்கார்ந்திருக்கிறான். கிளிண்ட் வருகிறான். ஓரின் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அதோடு படம் நின்றுவிட்டது. நான் நச்சரித்து வாங்கிய முப்பது விநாடி பெட்டியோடு செத்துப்போயிருந்தது. அவனாக வழுக்கி விழுந்து செத்தான், பதற்றத்தில் உருளையோடு ஓடி லோரெட்டாவையும் பெட்டியையும் இடித்துவிட்டேன் என்றான் கிளிண்ட். லோரெட்டா பார்த்ததும் கீழே கிடந்தவனை மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் லோரெட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி குத்தியிருந்த கையாலேயே பளாரென்று ஓர் அறை விட்டாள். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கில்தான் பேச்சு வந்தது.

"நீ நச்சரிச்சதுக்கு நான் மாத்துனது என் தப்பு. அந்த முப்பது விநாடி இப்ப உன் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு, மெர்ல். உன்னையும் அவன் உடைக்கிறதுக்கு முன்னாடி போய் எழுதிக்குடு."

அன்று மாலையே எதிர்ப்புற நீதிமன்றத்துக்குப் போய் எழுதிக்கொடுத்தேன், முதல் அறிக்கை பொய் என்பதையும் சேர்த்து. மறுநாள் வண்டி நிறுத்துமிடத்தில் கிளிண்டின் கூட்டாளிகள் மூன்று பேர் இரும்புக் கம்பியால் என் முழங்காலை நொறுக்கினார்கள். வலியில் அலறினேன், பிறகு சிரித்தேன். என் மண்டைக்குள் இருந்த எல்லா விநாடியும் முதல்நாளே எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்திருந்தது.