குடிதண்ணீர் குடித்த சவுக்கு

சுனாமிக்குப் பிறகு பாஞ்சாலையின் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய அந்த ஊருக்கு இருந்தது ஒரே குளம். கடல் உள்ளே வந்து அதை உப்பாக்கிவிட்டுப் போனது. இரண்டு நாளுக்கு ஒருமுறை லாரி வரும். வீட்டுக்கு நாலு குடம். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் பாஞ்சாலை, நாக்கு வறண்டு வீடு திரும்பினாலும் எட்டு வயது மகள் தமிழ்நிலா குடித்த பிறகுதான் சொம்பைத் தொடுவாள்.

2005 மாசியில் ஜெயசீலன் என்ற திட்ட அலுவலர் வந்தார். அரசு கடன் வாங்கி நடத்தும் திட்டம் என்றார். கடலைப் பார்த்த குளக்கரையில் ஆயிரம் சவுக்குக் கன்று நட்டால் கரை நாளைக்கு வெள்ளத்தைத் தாங்கும். ஆவணியில் எண்ணும்போது முக்கால்வாசி உயிரோடு இருந்தால் அடுத்த தவணைப் பணம் வரும். அதில் குளத்தைத் தூர்வாரி நல்ல தண்ணீர் தேக்கலாம். நாற்பது வீட்டுப் பெண்களையும் பேசிச் சம்மதிக்க வைத்தவள் பாஞ்சாலைதான்.

சித்திரை வெயிலில் கன்றுகள் வாடின. குளத்துத் தண்ணீர் ஊற்றியவை கருகின. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு ஒரு குடம் லாரித் தண்ணீரைக் கரைக்குச் சுமந்தார்கள்.

வைகாசியில் தமிழ்நிலா தாகம் பொறுக்காமல், கடல் புகுந்து கெட்டுப்போன அடிபம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். வாந்தியும் பேதியுமாக நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் பிழைத்து வந்த அன்று எதிர்வீட்டுக் குப்பம்மாள் வந்தாள்.

"ஒம்பொண்ணு பொழைச்சிக்கிச்சி. நாளைக்கு எம்பேரனுக்கு ஆச்சின்னா நான் யாரைப் போயி கேக்கறது? இனிமே தண்ணி தரமாட்டேன்டி."

மற்றவர்களும் நிறுத்தினார்கள். பாஞ்சாலையால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. தன் ஒரு குடத்தோடு தனியாகப் போனாள். எந்தக் கன்றுக்கு ஊற்றுவது, எதை விடுவது என்று அவளே முடிவு செய்ய வேண்டியிருந்தது. விட்டவற்றைப் பார்க்காமல் நடந்தாள். புருஷன் அரசப்பன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

ஆவணியில் எண்ணினார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு.

"செத்ததையும் எண்ணுங்க சார்," என்றாள் பாஞ்சாலை. "அதுக்கும் எங்க குடிதண்ணியதான் ஊத்துனோம்."

"ரூல் அப்படி இருக்குதும்மா," என்றார் ஜெயசீலன். அவர் முகம் கவிழ்ந்திருந்தது. தவணை வரவில்லை.

கார்த்திகை மழையில் கழிவெளிச் சதுப்பு பெருகிக் குளமும் நிரம்பி வழிந்தது. சவுக்கு நின்ற பக்கம் கரை தாங்கியது. கன்று செத்த பக்கம் உடைந்தது. பாஞ்சாலை வீட்டுச் சுவரும் வேறு பதினேழு வீடுகளும் போயின.

தை மாதம் ஜெயசீலன் புதுப் படிவத்தோடு வந்தார். கன்று செத்த இடத்தில் மறுபடி நடலாம், மறுபடி எண்ணுவார்கள். பாஞ்சாலை கையெழுத்துப் போடவில்லை.

"மொதல்ல தண்ணி டேங்க் வைங்க சார், அப்புறம் கன்னு வைக்கிறோம். எம்பொண்ணு வாயிலேர்ந்து புடுங்கி ஊத்த இனிமே என்னால முடியாது."

மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்று அவர் படிவத்தை மடித்துக்கொண்டு போனார். பங்குனி முடிந்தும் பதில் இல்லை. அரசப்பன் புதுச்சேரிப் பக்கம் கோட்டக்குப்பத்தில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்து, போய்விடலாமா என்று கேட்டான். பாஞ்சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை.