தராசு சார் தராத பட்டை

மின்சாமான் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்த அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் 'தராசு' என்று சொன்னால்தான் யாருக்கும் ஆள் தெரியும். அவர் கையிலிருந்து ஒரு ஸ்குரூ கூடுதலாகப் போகாது, குறைவாகவும் போகாது. மனைவியின் தம்பி வந்து ஒரு முழம் ஒயர் கேட்டபோதுகூட, "சீட்டு எங்க மாப்ள?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர். மச்சான் அதற்குப் பிறகு வெகுநாள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி அதைச் சொல்லிக் காட்டாத நாளும் இல்லை.

மகள் படித்த பள்ளியில் புதிதாக மாணவர் படை ஆரம்பித்தபோது, தலைமையாசிரியை இவரைத் தேடிக் கிடங்குக்கே வந்துவிட்டார். பயிற்சி கொடுக்க ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்திருந்தார். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கியதால் பிள்ளைகள் அவரை 'விசில்' என்றார்கள். விசிலுக்குப் பிள்ளைகளை நடக்க வைக்கத் தெரியும், வர வைக்கத் தெரியாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, சீருடை யாரிடம் இருக்கிறது, யாருக்குச் சட்டைக் கையில் குத்தும் பதவிப் பட்டை கொடுத்து மேலே ஏற்றுவது என்பதையெல்லாம் பார்க்க ஒருவர் வேண்டும்.

"உங்கள விட்டா இத நியாயமா செய்ய ஆளில்ல சார்" என்றார் தலைமையாசிரியை.

நியாயம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் உச்சி குளிர்ந்துபோனார். சம்பளம் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. இல்லை என்பது வேறு விஷயம்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்? முதலில் பயிற்சி முடிந்ததும் கொடுத்த பன்னுக்காகப் பிள்ளைகள் அலைமோதினார்கள். பன் நின்றது, பாதி மைதானம் காலி. தராசு சார் மகளைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பையன்கள் வீட்டில் பிரச்சினை இல்லை, சனியன் வெளியே போனால் சரி என்று அனுப்பிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் வீட்டில்தான் கதவு பாதி திறந்தது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் இந்த லெஃப்ட் ரைட்டெல்லாம்?"

கேரியரிலிருந்து குதித்து மகள்தான் முன்னே போவாள்.

"நானும் பொண்ணுதான் அத்தை. என் காலு தேஞ்சா போச்சு? வேணும்னா பாருங்க." அந்த வாசலிலேயே நடந்து காட்டுவாள். கதவு முழுசாகத் திறக்கும். அந்தப் படையில் சேர்ந்த பெண்பிள்ளைகளில் பெரும்பாலானோர் அவள் கூட்டி வந்தவர்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்பதும் அவள்தான். ஷூ இல்லாதவளுக்கு யாரிடமாவது கேட்டு வாங்கிக் கொடுப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அணிக்கு முன்னால் நின்று, தொண்டை கிழியக் கட்டளை கொடுக்க வேண்டும். அதற்கு முதல் பட்டை வேண்டும். பட்டை இல்லாதவர் வரிசைக்குள்தான் நிற்கலாம். மாலையில் மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட துணிகளைப் பார்த்து, "அணி... நேர் நில்!" என்பாள். ஒருநாள் அந்தச் சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், தான் சொல்லி ஒருநாளும் எழுந்திருக்காத மனிதர் என்று.

பட்டைக்கு மதிப்பெண் உண்டு. வருகை, நடை, முதலுதவி இவற்றுக்கு விசில் போடுவார். பொறுப்புணர்வு என்று ஒன்று இருந்தது, அதற்குத் தராசு சார் மட்டுமே போட வேண்டும். பட்டை வழங்கும் நாளில், பெற்றோர் வந்து தங்கள் கையாலேயே பிள்ளையின் சட்டைக் கையில் பட்டையைக் குத்திவிடுவது என்று ஏற்பாடு செய்ததும் அவர்தான். அப்போதாவது அப்பன்மார்கள் மைதானத்துப் பக்கம் வரட்டும் என்று நினைத்தார்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் டீக்கடையில் தபால்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மார்க் போடறது அப்பா. பட்டை எந்த வீட்டுக்குப் போகும்னு ஜோசியமா பாக்கணும்?" அவர் மகனும் படையில் இருந்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? விட்டுத் தள்ளியிருக்கலாம். டீக்கடையில் பேசியதை டீக்கடையிலேயே துப்பிவிட்டு வருகிறவன்தான் பிழைக்கத் தெரிந்தவன். தராசு சார் அதை வீட்டுக்குச் சுமந்து வந்தார். ஊரில் மற்றவர்கள் தன் பிள்ளைக்கு வெண்ணெயும் அடுத்தவன் பிள்ளைக்குச் சுண்ணாம்பும் வைப்பார்கள். இவர் தலைகீழாகச் செய்தார். மகளுடைய பொறுப்புணர்வுக்குப் பாதிக்கும் கீழே போட்டார். போட்டுவிட்டு, தான் பெரிய நியாயவான் என்று நிம்மதியாகத் தூங்கவும் தூங்கினார். அதை நினைத்தால்தான் இன்றும் கோபம் வருகிறது.

பட்டை வழங்கும் நாளில் ஊர் மெக்கானிக்கின் மகன் பெயர் வந்தது. நல்ல பையன், அவனைக் குறை சொல்ல முடியாது. மெக்கானிக் கிரீஸ் போகாத விரல்களால் பட்டையைக் குத்த முடியாமல் குத்தி, மகனைக் கட்டிக்கொண்டார். விசில் இவர் பக்கம் சாய்ந்து, "சார், உங்க பொண்ணு பேரு விட்டுப்போச்சு போல" என்றார்.

"விட்டுப்போகல."

விசில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வரிசையில் நின்ற மகளுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். அசையாமல் நின்றாள்.

வீட்டில் அவள் அழவில்லை, கேட்கவும் இல்லை. அவரே பேச்செடுத்தார். "அடுத்த தடவை பாக்கலாம்மா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க இல்ல?"

"சரி சார்" என்றாள்.

மைதானத்தில் அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும், அது அவர் போட்ட சட்டம். வீட்டில் அன்றுதான் முதல்முறை. மனைவி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். "சார், சாப்பாடு ரெடி", "சார், சாவி எங்க?" என்று நாள்கணக்கில் தொடர்ந்தபோது சிரிப்பு நின்றுபோனது. "பெத்த புள்ள சார் போடறா, உங்களுக்கு ஒறைக்கலையா?" என்று கேட்டாள். உறைத்தது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அடுத்த முறையும் பட்டையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார். இப்போது மகளுக்குக் கொடுத்தால் போன தடவை செய்தது தப்பென்று ஆகிவிடாதா? அவளோ ஒரு பயிற்சிகூடத் தவறவிடவில்லை. தான் கூட்டி வந்த அந்தப் பெண்ணின் கட்டளைக்கு வலம் திரும்பினாள், இடம் திரும்பினாள்.

கடைசியில் விசில்தான் கிடங்குக்கு வந்து சத்தம் போட்டார். "யாருக்கும் பயப்படாத மனுசன்னு நெனச்சேன் சார். டீக்கடைக்குப் பயந்து பெத்த பொண்ணு வயித்துல அடிக்கிறீங்களே!" அவ்வளவு நேரடியாக யாரும் அவரிடம் பேசியதில்லை. அன்றே பட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வேலையாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

எந்தப் பள்ளி? அவள் கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். படிப்பு முடிந்தால் படையும் முடிந்தது என்பதும் அவரே எழுதி ஒட்டிய விதி. வெளியூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து அவள் கிளம்பினாள். "போயிட்டு வரேன் சார்." பஸ் நகரும்வரை அவர் கை சட்டைப் பையைத் தொட்டபடியே இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். எந்தச் சட்டையில் குத்துவது என்று நினைத்தாராம். சட்டை இல்லாமல் பட்டை கொடுக்க விதி இல்லையே!

சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதற்காக அவர் அதைப் பிரித்துப் பார்த்தார். பட்டன் எல்லாம் இருந்தன. இடது கையில் மட்டும், தோளுக்குக் கீழே, சின்னச் சின்ன ஊசித் துளைகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பட்டையின் வடிவம் தெரிந்தது.

"இது என்ன?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"மொதல் தடவை பட்டை குடுத்தீங்கள்ல, அதுக்கு முந்தின நாள் நான் தைச்சது. எப்படி இருக்கும்னு பாக்கணும்னா. உங்க பழைய பேன்ட்டுல வெட்டித் தைச்சுக் குடுத்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பாத்தா. அப்புறம் பிரிச்சுட்டோம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"என்னத்த சொல்றது? அவளுக்குக் கெடைக்கும்னு அவளுக்கு நிச்சயமா தெரியும். 'அம்மா, நீ குத்த வேணாம், அப்பாவே குத்தட்டும்'னா. 'எல்லார் முன்னாடியும் அப்பா அழுதுடுவாரு, அழக் கூடாதுன்னு சொல்லி வை'ன்னா." மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

தராசு சார் சட்டையை மடிக்கப் பார்த்தார். அப்படியே மேஜைமேல் குனிந்து, அந்தச் சட்டைக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.