ஹவுஸ்ஹோல்ட் என்ற சொல்லை நான் மொழிபெயர்த்த விதம்

பலெர்மோவில் என் மகள் ஓர் இத்தாலியக் கடற்படை அதிகாரியின் வீட்டில் வேலை செய்தாள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற என்னை அவள்தான் இங்கே கூப்பிட்டாள். அவளுக்குத் தாய் இல்லை. போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஓர் அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

2006இல் அதிகாரிக்கு அமெரிக்காவுக்கு மாற்றல் வந்தது. அவர் முன்னதாகப் போய்விட்டார். அவருடைய மனைவியை நாங்கள் சிஞ்ஞோரா என்போம். அவர் பிள்ளைகளுடன் பின்னால் போக வேண்டும். இப்படிப் போகும் படையினரின் குடும்பங்களுக்கு வேண்டியதெல்லாம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள் என்றாராம் கணவர். எல்லாம் இருந்தது, ஆங்கிலத்தில். சிஞ்ஞோராவுக்கு ஆங்கிலம் ஓடாது. உன் அப்பா புரொஃபெஸ்ஸோரேதானே, அவரை வாசித்துச் சொல்லச் சொல் என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

மகளுக்கும் அதில் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளையைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள். அவளையும் கூட்டிப்போக வழியுண்டா என்று பார்க்கும்படி சிஞ்ஞோரா கேட்டிருந்தார். அங்கே போனால் தாதிப் படிப்புக்குச் சேரலாம், பிறகு என்னையும் கூப்பிடலாம் என்று அவள் ஆசையோடு கதைத்தாள்.

வியா மக்வேதா என்ற தெருவில் ஓர் இன்டர்நெட் கடை இருந்தது. என் பெர்மெஸ்ஸோவை, அந்தத் தங்கும் அனுமதியை, பிரதி எடுத்த பிறகே கணினியைத் தந்தார்கள். அதிகாரிகளின் மனைவிமார் ஒருவருக்கொருவர் எழுதிவைத்த பக்கங்களை வாசித்தேன். பிள்ளைகளை எங்கே படிக்க விடுவது, எந்த மின்சாரச் சாமானைக் கொண்டுபோனால் எரிந்துபோகும், எல்லாம் இருந்தது. நாயைக் கொண்டுபோவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எந்த ஊசி, கூண்டு எவ்வளவு அகலம், விமானத்தில் தண்ணீர் எப்படிக் கொடுப்பது. வாசிக்க எரிச்சல் வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்தபோது எங்களுக்கு ஒருவரும் ஒரு வரி எழுதிவைக்கவில்லை.

வேலையாளைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அதிகாரியின் ஹவுஸ்ஹோல்டில் உள்ளவர்கள் அவருடன் வரலாம். சம்பளத்துக்கு நிற்பவரும் அதில் அடக்கம், விசா கிடைக்கும். தெளிவான ஆங்கிலம். எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டேன்.

சிஞ்ஞோராவின் சமையலறை மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு நான் அந்தச் சொல்லை "ஃபமீலியா" என்றேன். குடும்பத்தார் மட்டும். சம்பளத்துக்கு நிற்பவரைப் பற்றிய பகுதியை வாசிக்கவேயில்லை. சிஞ்ஞோரா திரும்பவும் கேட்டார். ஃபமீலியாதான் என்றேன். நாயின் விபரங்களை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

படியிறங்கும்போது மகள் சிரித்தாள்.

"நாய் போகுது, நான் நிக்கிறன். அடுத்த பிறப்பிலையெண்டாலும் குரைக்கப் பழக வேணும் அப்பா."

நானும் சிரித்தேன்.

ஊரில் எங்கள் வீட்டை ஆமி பிடித்து வைத்திருந்தது. என் பிள்ளை ஒரு படைமுகாமுக்குள் போய் இருக்கக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த அதிகாரியின் வெள்ளைச் சட்டைகளை அவள் அயன் பண்ணிக் கொண்டுவந்த சம்பளத்தில்தான் நான் வருடக்கணக்காகச் சாப்பிட்டேன். அப்போது இந்த ரோசம் வரவில்லை. அவள் போனால் அந்த அறையில் நான் தனியே கிடக்க வேண்டும். அதற்குப் பயந்தேன். வேறு காரணம் இல்லை.

சிஞ்ஞோரா நாயோடு போனார். மகள் காலையில் மாடிப்படிகள் கழுவப் போனாள். மாலையில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினாள். விரல்களில் தோல் உரிந்தது.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா அமெரிக்காவிலிருந்து மகளுக்குப் போன் எடுத்தார். பக்கத்து வீட்டு அதிகாரி தன் வேலைக்காரப் பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறாராம், அதற்கு விசாவே இருக்கிறதாம். தனக்கு அது தெரியாமல் போனதே என்று கவலைப்பட்டாராம். இப்போது அங்கேயே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டாராம்.

போனை வைத்துவிட்டு மகள்தான் இதையெல்லாம் சொன்னாள்.

"அப்பா, அண்டைக்கு வாசிக்கேக்கை உங்களுக்கு அது விளங்கேல்லையோ?"

விளங்கவில்லை என்றிருந்தால் நம்பியிருப்பாள்.

"விளங்கினது" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை.

"என்னைப் போகாதை எண்டு சொல்லியிருக்கலாமே. நான் நிண்டிருப்பன்."

நின்றிருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால், தனியே விட்டுவிட்டுப் போகாதே என்று பெற்ற பிள்ளையிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.